பதினாலாம் நம்பர் கட்டில்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது. அவருடைய மூக்குக்கண்ணாடியை அம்மா இன்னும் தினமும் துடைத்து மேசைமேல் வைக்கிறாள். 

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஜெயித்துவிடுவாய். பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, ஹெட்மாஸ்டரிடம் ஐந்து நிமிடம் பேசி, கடைசியில் அவரை உன்னிடம் வருத்தம் தெரிவிக்க வைத்தவன் நீ. காகிதம் என்றால் நான் சொல்ல வந்ததையாவது முடிக்கலாம்.

நேற்று மருத்துவமனையில், துணி அறையில், வெளுத்து வந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் வார்டு ஆயா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இதப் படிங்கக்கா. வயிறு எரியுது"ன்னாள். படத்தில் ஒரு கிழவர் வெறும் தரையில் சுருண்டு படுத்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில்: 'வந்தேறிக்குக் கட்டில். என் அப்பாவுக்குத் தரை.' கீழே: 'அவர் கேட்டது ஒரு கட்டில். ஒரே ஒரு கட்டில். ஒரே ஒரு நாள். அவ்வளவுதான்.' எழுதியவர் பெயர் இல்லை. 'ஒரு மகன்' என்று மட்டும் போட்டிருந்தது.

மகன் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கூந்தல் எண்ணெய்க் கம்பெனியில் இருந்தபோது நீ எழுதிய விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? 'ஒரே ஒரு சொட்டு. ஒரே ஒரு வாரம். அவ்வளவுதான்.' அந்த எண்ணெயில் யாருக்கும் முடி வளரவில்லை. இந்த நோட்டீஸில் என்ன வளரும் என்று உனக்கு நன்றாகவே தெரியும்.

நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தவன். அதனால் நடந்ததை எழுதுகிறேன். அப்பாவுக்குக் கிடைத்தது பதினாலாம் நம்பர் கட்டில், ஜன்னலோரம். விரிப்பு போட்டது நான். கிழிசல் இல்லாத விரிப்பாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டேன்; அந்த ஒரு சலுகைதான் என் வேலையால் அப்பாவுக்குக் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில், பதினைந்தில், வெளிநாட்டுக்காரர் ஒருவர். கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து தொடை முறிந்து, காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். அவரும் அப்பாவும் அந்த ஜன்னலுக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கச் சண்டை. அவருக்குத் திறந்திருக்க வேண்டும், அப்பாவுக்கு மூடியிருக்க வேண்டும். அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனாலும் திட்டு மட்டும் ரெண்டு பேருக்கும் தெளிவாகப் புரிந்தது. தரையில் கிடந்தவர் ஜன்னலுக்கு எப்படியப்பா சண்டை போடுவார்?

அப்புறம், அப்பாவுக்கு வழுக்கை. உன் நோட்டீஸ் கிழவருக்குத் தலை நிறைய முடி. எண்ணெய்க் கம்பெனி ஆல்பத்திலிருந்து எடுத்தாயோ?

அம்மா இன்னும் பார்க்கவில்லை. அவள் கண்ணில் படுவதற்குள் அதை நிறுத்து.

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

என் அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சின்ன வயதில் எனக்கு நீ எழுதித் தந்த வீட்டுப்பாடமெல்லாம் ஞாபகம் வந்தது. கோபமாக எழுதினாலும் உன் எழுத்து அழகுதான். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஆமாம், எழுதியது நான்தான். உன்னிடம் மறைப்பேனா? எங்கள் கட்சித் தலைவரே அதை வாங்கிப் படித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். இங்கே பன்னிரண்டு பேர் எழுதுகிறோம் அக்கா. அவர் கை இதுவரை வேறு யார் தோளிலும் விழுந்ததில்லை.

நாங்கள் பொய் சொல்கிறவர்கள் என்று நினைக்கிறாய். வேலை அப்படி இல்லை. காலையில் எல்லாப் பத்திரிகையும் மேசைக்கு வரும். ஒருவன் சைக்கிள் திருடிப் பிடிபட்டான் என்று ஒரு செய்தி. அவன் நம்ம ஆள் என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். வெளியாள் என்றால் வெட்டி எடுப்போம். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. எல்லாம் அச்சில் வந்தவைதான், ஒன்றுகூட நாங்கள் கட்டியது இல்லை. முப்பதாவது நாள் அவர்களில் ஒருவன் தெருவில் வந்தால் நீயாகவே உன் சைக்கிளை இழுத்துப் பூட்டுவாய். உன்னிடம் யார் பொய் சொன்னது?

அப்பா விஷயத்தில் கொஞ்சம் கை வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கேயோ ஒரு அப்பா தரையில் படுத்திருக்க மாட்டாரா? அவருக்கு எழுதத் தெரிந்த மகன் இல்லை. நான் எழுதினேன், அவ்வளவுதான். ஊர் பேரோ மருத்துவமனை பேரோ நான் போடவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரு உதவி வேண்டும். முப்பதாம் தேதி இங்கே பெரிய கூட்டம். அம்மா மேடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும். பேச வேண்டியதே இல்லை. கார் அனுப்புகிறேன், ஏசி கார். முழங்காலுக்கு இங்கே நல்ல டாக்டரிடமும் காட்டிவிடலாம். நீ மட்டும் குறுக்கே நிற்காதே அக்கா.

உன் செல்லத் தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

பன்னிரண்டு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, மூளையைக் கசக்கி, கடைசியில் கண்டுபிடித்தது சைக்கிள் திருடனையா? இதைச் செய்ய எங்கள் தெருமுனைக் குழாயடியே போதும். அங்கே இலவசமாகவே நடக்கிறது.

நேற்று பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், மடியில் காய்கறிப் பை. என் சீருடையைப் பார்த்து, "ஆஸ்பத்திரியிலயா வேலை?"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். "அங்கதானே அந்தப் பெரியவர கட்டில்ல இருந்து இழுத்துக் கீழ போட்டானுங்க?" என்றாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. அவளே கதையைச் சொன்னாள். நாலு வந்தேறிகள் வந்தார்களாம். அப்பாவின் காலைப் பிடித்து இழுத்தார்களாம். அவர் தண்ணீர் கேட்டாராம், சிரித்தார்களாம்.  என் அப்பா எப்படிச் செத்தார் என்று ஒருத்தி எனக்கே அழுதுகொண்டு சொல்லித் தருகிறாள்.

"அது என் அப்பாங்க. அப்படி ஒண்ணும் நடக்கல. அவருக்குக் கட்டில் இருந்துச்சு"ன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எவ்வளவு குடுத்தாங்க உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

நீ எழுதியது மூன்று வரி. மீதியை ஊரே சேர்த்து எழுதிக்கொள்கிறது. உங்கள் பன்னிரண்டு பேருக்கும் இனி வேலையே இருக்காது போலிருக்கிறது.

இதுவரை நான் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். கட்டிலில் படுத்ததும் அப்பா என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "வியாழக்கிழமையில இருந்தே நெஞ்சு வலிதாம்மா. தம்பிகிட்ட போன்ல சொன்னோம். மேடை நிகழ்ச்சி இருக்கு, சனிக்கிழமை நானே கார்ல வரேன், அக்கா ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாதீங்க, அங்க பூரா வெளியாள் கூட்டம்னான். அதான் பையெல்லாம் எடுத்து வெச்சிட்டு உக்காந்திருந்தோம்." இரண்டு நாள், தம்பி. நாலு தெரு தள்ளி இருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு உன் காருக்காக உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தார். டாக்டர் முதலில் கேட்டதே, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றுதான்.

ஆகவே அந்த மூன்று வரியை நீ தலைவருக்காக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். உன் தலையில் இருந்ததைத் தூக்கி, தொடை முறிந்து கிடந்த ஒருவர்மேல் வைத்துவிட்டாய். எழுந்து வந்து கேட்க முடியாத ஆளாகப் பார்த்து வைத்தாய்.

அந்தச் சாரக்காரர் தங்கமானவர் என்று நான் சொல்ல வரவில்லை. வாய் நீளம், எச்சில் துப்புகிற பழக்கம் வேறு. அப்பாவும் மகான் இல்லை. வெளியாட்களைக் கண்டால் அவரும் முணுமுணுப்பார். ஆனால் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து முப்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். மீட்டரில் இல்லாததை எழுதமாட்டார்.

அம்மா நோட்டீஸைப் பார்த்துவிட்டாள். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மெதுவாக, "வந்ததும் கொஞ்ச நேரம் பெஞ்சுலதானே உக்கார வெச்சாங்க"ன்னாள். நான் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த பத்து நிமிடம் அது. அம்மாவுக்கு அது தெரியும். ஆனால் வியாழக்கிழமையே எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பதைவிட, எவனோ கட்டிலைப் பிடுங்கினான் என்று நினைப்பது அவளுக்கு லேசாக இருக்கிறது. உன் சரக்கு இப்படித்தான் விலைபோகிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அம்மாவை நான் அனுப்பமாட்டேன். கார் அனுப்பாதே.

அக்கா


ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

நீ டியூட்டிக்குப் போன நேரம் பார்த்துக் கார் வந்தது என்று கோபமாக இருப்பாய். அம்மாவாக ஏறினாள் அக்கா, யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. நீயே கேட்டுப்பார்.

மேடையில் உட்கார்ந்தால் போதும் என்றுதான் சொன்னேன். தலைவரே மைக்கை அவள் முன்னால் பிடித்தார். "பெஞ்சுல உக்கார வெச்சாங்க. பக்கத்துல கட்டில்ல அவன் படுத்திருந்தான்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள், பிறகு அழுதுவிட்டாள். மைதானமே அழுதது. நான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கவில்லை.

மருத்துவமனை பேர் மட்டும் அவள் வாயில் வந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம்.

நீ எழுதிய அந்த வியாழக்கிழமை விஷயம்… அதைப் பற்றி நேரில் பேசுவோம். காகிதத்தில் வேண்டாம்.

உன் தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்து சேர்வதற்குள் நாங்கள் பார்த்துவிட்டோம்.

ஐந்தாம் தேதி, பார்வையாளர் நேரம், காலை பதினோரு மணி. முப்பது நாற்பது பேர் வார்டுக்குள் வந்தார்கள். பாதிப் பேர் கையில் உன் நோட்டீஸ். "எந்தக் கட்டில்? எந்தக் கட்டில்?" என்று ஒரே சத்தம். கை நீட்டிக் காட்டியது நம் வார்டு ஆயா. பதினோரு வாரமாக அவருக்குப் பெட்பேன் வைத்து எடுத்தவள் அவள்தான். அவளுக்கும் வயிறு எரிந்திருக்கிறது.

நான் விரிப்புக் கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். "எங்க அப்பா படுத்தது இந்தப் பக்கத்துக் கட்டில், இதோ இது, பதினாலு!" என்று கத்தினேன். ஒரு பையன், நல்லாப் படித்த முகம், என் தோளைத் தொட்டு மரியாதையாகத்தான் சொன்னான்: "அக்கா, ஒதுங்கிக்கங்க. உங்க அப்பாவுக்காகத்தான் வந்திருக்கோம்."

காலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார்கள். அந்தக் கால் விழுந்த சத்தத்தையும் அவர் போட்ட சத்தத்தையும் உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது, நீதான் எழுத்தாளன். அவரை இழுத்துத் தரையில் போட்டார்கள். கட்டிலில் ஒரு படத்தை வைத்துப் பூ போட்டார்கள். அப்பா படம் இல்லை. உன் நோட்டீஸ் கிழவர் படம், பெரிதாக்கி, கண்ணாடி போட்டு. தலை நிறைய முடியோடு எவரோ ஒருவர் அப்பா பெயரில் பூவோடு படுத்திருக்கிறார். எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உன் நோட்டீஸில் ஒரு ஆள் தரையில் கிடந்தாரே, அது ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

டாக்டர்கள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, 'நோயாளியின் பாதுகாப்பைக் கருதி' என்று எழுதி அவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். உடைந்த காலோடு வேனில் மூன்று மணி நேரம், வேறு ஊர் மருத்துவமனைக்கு. அவர் மனைவிக்கு நம் பாஷை தெரியாது, அதனால் நான் கூடப் போனேன். அவள் வழி முழுக்க என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்டாள். அப்பா வார்டில் இருந்த அந்த இரண்டு நாளும் அவளுக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டி எந்த மாத்திரை எப்போது என்று விரல் விட்டுச் சொன்னவள் நம் அம்மாதான். அம்மாவை அவள் இன்னும் டிவியில் பார்க்கவில்லை போலிருக்கிறது.

விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. மூன்று பேர். எல்லாவற்றையும் சொன்னேன், வியாழக்கிழமையையும் சேர்த்து. ஒருவர் எழுதிக்கொண்டார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர், "குடும்ப விஷயத்தையெல்லாம் இங்க ஏம்மா"ன்னார். நேற்று எனக்கு மெமோ வந்திருக்கிறது: வேனில் அவர்மேல் போர்த்திய விரிப்பை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டு. நாற்பது பேர் கத்தியோடு உள்ளே வந்ததற்கு யாருக்கும் மெமோ இல்லை. என்னைத் துணி அறையிலிருந்து சலவைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அழச் சொல்லி யாரும் சொல்லல. தானாத்தான் வந்துச்சு. அழுதது நெஜம்"ன்னாள். 

ஒரே ஒரு வரி அச்சடி. 'அது பொய், எழுதியது நான்' என்று. உனக்கு மூன்று வரி எழுதத் தெரியும், இது ஒன்றுதான்.

அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்கா,

நாலு மாதமாக எழுதாததற்கு மன்னித்துவிடு. தேர்தல் வேலை. முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். நூறு கூட்டத்துக்கு மேல் பேசினேன். எல்லாவற்றிலும் அப்பா கதைதான். இப்போது எனக்குத் தனி அறை, வண்டி, இரண்டு உதவியாளர்கள். அம்மா போனை எடுப்பதில்லை.

நீ கேட்ட அந்த வரியை எழுத உட்கார்ந்தேன், நம்பு. ஆனால் இப்போது எழுதினால் நான் மட்டும் விழமாட்டேன் அக்கா, என்னோடு நிறையப் பேர் விழுவார்கள். கொஞ்ச நாள் போகட்டும்.

இன்று எழுதுவது வேறு விஷயம். கேலி செய்யாமல் படி. எனக்கு அப்பா முகம் வரமாட்டேன் என்கிறது. அவரை நினைத்தால் அந்தத் தரையில்தான் படுத்திருக்கிறார். அந்த முடியோடு. வழுக்கை என்று எனக்குத் தெரியும், ஆனால் வரவில்லை. ஜன்னல் என்று எழுதியிருந்தாய், சண்டை போட்டார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைத் தேடிப் பார்த்தேன், அலுவலகம் மாறியதில் எங்கோ போய்விட்டது. நான் வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அவர் அந்தக் கட்டிலில் படுத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை.

எப்படி இருந்தார் என்று எழுது அக்கா. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்? என்ன சட்டை? கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? வேறு யாரிடமும் நான் இதைக் கேட்க முடியாது.

உன் தம்பி


நவம்பர் 28

தம்பிக்கு,

கேலி செய்யவில்லை. படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

இங்கத்திய செய்தி இதுதான். சாரக்காரருக்குக் கால் கூடிவிட்டது, ஆனால் இரண்டு விரல் அளவு குட்டையாகிவிட்டது. இனிமேல் சாரம் ஏற முடியாது. அவர் மனைவி ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். போன வாரம் அம்மா, "என்னை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னாள். போனோம். மாடிப்படி முழுக்க ஏறி, மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனாள். அவரே கதவைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, கதவைச் சாத்திவிட்டார். சாத்தியது நியாயம்தான். அம்மா சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவருக்குப் பாஷை புரிந்திருக்காது. வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்து முழுதும் சொன்னாள். படியிறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, தானாகவே இறங்கினாள்.

நூறு கூட்டத்தில் உன்னால் முடியாததை, முழங்கால் போன ஒரு பெண் ஒரு கதவுக்கு முன்னால் செய்தாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். என்ன சட்டை, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், ஞாயிறு காலை என்ன கேட்டார், எல்லாம் தெரியும். உன்னைப் பற்றியும் சொன்னார். நாலே வார்த்தை. நானும் அம்மாவும் கேட்டோம். அது திட்டா, பாசமா என்றுகூட உனக்குச் சொல்லமாட்டேன்.

சொன்னால் உன் கண் நிறையும், அதை நான் நம்புகிறேன். ஆனால் மறுநாள் அதற்கும் ஒரு மைக் வைப்பாய். உன்னால் வைக்காமல் இருக்க முடியாது. அப்பாவின் சாவை எடுத்துக்கொண்டாய், முகத்தையும் எடுத்துக்கொண்டாய், இப்போது அது உன்னிடமே இல்லை என்கிறாய். மிச்சம் இருப்பது இந்த நாலு வார்த்தைதான். அதை உன் கைக்குத் தரமாட்டேன்.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்கமாட்டேன்.

அக்கா